நீட்டவும் மடக்கவும்

அம்மாவின் வலது முழங்காலில் சத்திரசிகிச்சை முடிந்து அன்று ஏழாம் நாள். வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், தொடர்மாடியொன்றின் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. பயிற்சி செய்விக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பிள்ளை அறைக்குள் வந்ததும் தையலைப் பார்க்கவில்லை, வீக்கத்தையும் பார்க்கவில்லை. முழங்காலுக்குக் கீழே கிடந்த தலையணையைத்தான் பார்த்தார். "இதை ஆர் வைச்சது?" என்று கேட்டபடி அதை மெல்ல இழுத்தெடுத்தார். தலையணை வந்துவிட்டது; கால் கீழே இறங்கவில்லை. முழங்காலுக்கும் மெத்தைக்கும் நடுவே தன் உள்ளங்கையை நுழைத்துக் காட்டினார். கை தட்டுப்படாமல் போய் வந்தது.

அந்தத் தலையணையை வைத்தது நான். கால் சற்று மடங்கி இருந்தால் நோ குறைகிறது என்று அம்மா சொன்னதால் இரவும் பகலும் அது அங்கேயே கிடந்தது. வைத்தியசாலையிலிருந்து வெளிக்கிடும்போது தந்த தாளில் அப்படி வைக்கக்கூடாது என்று ஒரு வரி இருந்திருக்கிறது. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அச்சிட்ட தாள். முப்பது வருடம் தமிழில் படிப்பித்த அம்மாவுக்கு அது பயன்படவில்லை. நான் அதைப் பில்களோடு சேர்த்துக் கோவைக்குள் வைத்துவிட்டேன்.

முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சையைப் பற்றி எங்கள் வீடுகளில் பேசும்போது பேச்சு முழுவதும் எந்த டொக்டர், எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு காசு என்பதிலேயே முடிந்துவிடுகிறது. டொக்டரின் வேலை ஒன்றரை, இரண்டு மணித்தியாலம். அதற்குப் பிறகு கால் நீளுமா, மடங்குமா என்பது அடுத்த சில வாரங்களில், பெரும்பாலும் வீட்டுக் கட்டிலில் தீர்மானமாகிறது. அந்த வாரங்களைப் பற்றி யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. அம்மாவின் காலோடு நான் படித்ததையும், பிறகு தேடி வாசித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், யாருக்கு இது வேண்டும்? தொடை எலும்பின் அடிநுனியிலும் கணைக்கால் எலும்பின் மேல்நுனியிலும் வழுவழுப்பான குருத்தெலும்பு படிந்திருக்கிறது. நடக்கும்போது உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு பாரம் அதில் இறங்குகிறது. படி இறங்கும்போது இன்னும் அதிகம். வயதோடும் எடையோடும் பழைய காயங்களோடும் அது தேய்ந்து, எலும்பு எலும்போடு உரசத் தொடங்கினால் வருவதைத்தான் மூட்டுத் தேய்வு என்கிறோம். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியிருந்தார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, தாய் தகப்பன் தனியே இருக்கும் வீடுகள் எத்தனை என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். லிஃப்டில் ஏறினால் காதில் விழும் பேச்சில் பாதி முழங்கால் பற்றியது.

ஆனால் எக்ஸ்ரே தேய்வைக் காட்டிவிட்டது என்பதற்காகவே கத்தி வைப்பதில்லை. எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முழங்காலோடு தாராளமாக நடப்பவர்களும் உண்டு. இரவு நித்திரை கெடுகிறதா, கடைக்குப் போய்வர முடிகிறதா, குளிசையும் பயிற்சியும் எடை குறைப்பும் முறையாகச் செய்தும் பலனில்லையா என்பவைதான் கேள்விகள். இந்த இடத்தில் நல்ல ஆய்வுகள் கைவசம் உண்டு. 2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் மூட்டுத் தேய்வு உள்ள 180 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சிறு துளை வழியே மூட்டைச் சுரண்டித் துப்புரவாக்கினார்கள். இன்னொரு பகுதியினருக்குக் கழுவி மட்டும் விட்டார்கள். மூன்றாம் பகுதியினருக்குத் தோலில் மட்டும் கீறித் தைத்து விட்டார்கள். இரண்டு வருடம் பார்த்தும் மூன்று பகுதியினருக்கும் நோவில் வித்தியாசம் இல்லை. 2013இல் பின்லாந்தில், தேய்வில்லாமல் சவ்வு மட்டும் கிழிந்த 146 பேரிலும் இதேபோலப் பாவனைச் சத்திரசிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். அங்கேயும் கிழிந்த சவ்வை வெட்டியதால் மேலதிக நன்மை கிடைக்கவில்லை. ஆகவே தேய்ந்த முழங்காலுக்கு "சின்ன ஓட்டை போட்டுக் கிளீன் பண்ணிவிடலாம்" என்று யாராவது சொன்னால் இரண்டாவது டொக்டர் ஒருவரையும் சனல் பண்ணிக் கேட்பது நல்லது.

முழு மாற்றின் கதை வேறு. 2015இல் டென்மார்க்கில் 100 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் பன்னிரண்டு வாரம் பயிற்சி, உணவு ஆலோசனை, நோக்குளிசை. பாதிப்பேருக்கு மட்டும் முதலில் மூட்டு மாற்று. ஒரு வருட முடிவில் மாற்றியவர்களுக்கே கூடிய சுகம். அதே நேரத்தில், மாற்றாத ஐம்பது பேரில் 13 பேர்தான் அந்த வருடத்துக்குள் சத்திரசிகிச்சைக்குப் போனார்கள். மற்றவர்கள் பயிற்சியோடு சமாளித்தார்கள். இரண்டு முடிவுகளையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். மாற்றுச் சத்திரசிகிச்சை உண்மையிலேயே வேலை செய்கிறது. எல்லோருக்கும் உடனே தேவைப்படுவதுமில்லை. பன்னிரண்டு வாரம் தொடைத் தசையைப் பலப்படுத்துவது, பிறகு ஒப்பரேஷனுக்குப் போனாலும் வீண்போகாது.

மூட்டை மாற்றும் முயற்சி புதியதல்ல. 1890இல் பேர்லினில் தெமிஸ்தொக்கிளஸ் குளூக் என்ற சத்திர வைத்தியர் யானைத் தந்தத்தில் கீல் செய்து காசநோய் பிடித்த முழங்கால்களில் பொருத்தினார். அவை கிருமி பிடித்துத் தோற்றன. இன்று பொருத்துவதன் நேர் மூதாதை 1974இல் நியூயோர்க்கில் பிறந்தது. ஜோன் இன்சால் தலைமையிலான குழு உருவாக்கிய அந்த மூட்டில் மத்தியப் பிரதேசத்தில் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத்தின் கையும் உண்டு. இந்தியப் பிரதமர் வாஜ்பாயிக்கு மும்பையில் 2000 ஒக்ரோபரில் இடது முழங்காலையும் 2001 யூனில் வலதையும் மாற்றியவர் அவர்தான். எங்கள் வீட்டில் "முழங்காலை மாத்தலாமாம்" என்ற பேச்சு முதலில் எழுந்தது அந்தச் செய்தியோடுதான்.

மாற்றுவது என்ற சொல்லே பலரைப் பயப்படுத்துகிறது. காலை வெட்டிப் புதிதாக ஒன்றைப் பூட்டுவதாக அம்மாவும் நினைத்திருந்தார். உண்மையில் தேய்ந்த பரப்பை ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குச் சீவி எடுத்து, பல்லுக்குத் தொப்பி போடுவது போல உலோகத் தொப்பி போடுகிறார்கள். மேலே கோபால்ற் குரோமியம், கீழே பெரும்பாலும் டைட்டேனியம், நடுவில் கடினமான பொலித்தீன் தட்டு. எலும்போடு ஒட்டுவது ஒருவகை அக்ரிலிக் பசை. கால் மணித்தியாலத்துக்குள் இறுகிவிடும். பக்கச் சவ்வுகளும் தசைகளும் நரம்புகளும் சொந்தமானவையே. அதனால்தான் பிறகு வரும் பாடு எல்லாம் அந்தத் தசையையும் சவ்வையும் பழக்குவதில் இருக்கிறது. உலோகம் நீண்டகாலம் தாங்கும். 2019இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, முழு மாற்றுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் 25 வருடம் நிலைக்கின்றன. ஆனால் மாற்றியவர்களில் ஐந்தில் ஒருவர் வரை முழுத் திருப்தி அடைவதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

காசு விடயம். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வரிசை நீளம், பொருத்தும் மூட்டை வெளியில் வாங்கித் தரச் சொல்லும் நிலையும் வருகிறது. அதற்கு ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் உண்டு. பிள்ளைகளின் வெளிநாட்டுக் காசில் தனியார் வைத்தியசாலைக்குப் போகிறவர்களும், சென்னைக்குப் பறப்பவர்களும் உண்டு. இந்தியாவில் 2017 ஓகஸ்டில் அரசு முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை விதித்தது. ஒன்றரை இலட்சம் இந்திய ரூபாய்க்கு மேல் விற்ற சாதாரண வகை சுமார் 55,000க்கு இறங்கியது. இங்கே 2022இல் டொலர் ஒன்று இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் பாய்ந்தபோது, இறக்குமதியாகும் ஒவ்வொரு திருகாணியின் விலையும் ஏறியது. அந்த மார்ச் மாதம் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. விலைக் கட்டுப்பாடு வேண்டும் என்ற குரல் எங்களிடமிருந்தும் உரத்து எழவேண்டும். வருடக்கணக்காகக் காத்திருப்பவரின் மற்றக் காலும் நாரியும் அந்தக் காத்திருப்பிலேயே பழுதாகின்றன.

அம்மாவின் ஒப்பரேஷனும் அந்த மார்ச்சில்தான். நாரியில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்தார்கள். பின்னேரம் கால்விரல் அசைந்ததும் தாதி வந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். இந்தச் சின்ன அசைவைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் இரத்தம் தேங்காது; தேங்கினால் கட்டியாகும்; கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இரத்தம் உறையாதிருக்க ஊசியோ குளிசையோ தருவதும், மறுநாளே, சில இடங்களில் அன்றைக்கே, எழுப்பி நிறுத்துவதும் இதற்காகத்தான். ஒரு காலத்தில் இரண்டு மூன்று கிழமை கட்டிலில் வைத்திருந்தார்கள். டென்மார்க்கின் ஹென்றிக் கெலற் போன்றவர்கள் 1990களில் தொடங்கிய மாற்றம், படுக்கவைப்பதுதான் கூடிய ஆபத்து என்பதை நிறுவியது. வாக்கரைப் பிடித்து எழும்பி நின்றபோது அம்மா அழுதார். நோவினால் இல்லையாம், கால் வளையாமல் நேராக நிற்கிறதாம்.

நாலாம் நாள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கீழே வந்து பார்த்தால் கரண்ட் இல்லை. அந்த மாத முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு, ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை, லிஃப்ட் நின்றுவிட்டது. காவற்காரர் இரண்டு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து போட்டார். ஒன்றில் அம்மா, மற்றதில் அவரது கால். இரண்டரை மணித்தியாலம் வாசலிலேயே இருந்தோம். முழங்கால் பூசணிக்காய் போல வீங்கத் தொடங்கியது. ஐஸ் வைக்கவேண்டும், குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ் இல்லை. தம்பி வெள்ளவத்தைச் சந்தைக்கு ஓடி மீன்கடையில் ஒரு பை ஐஸ் வாங்கிவந்தான். துவாயில் சுற்றி, இருபது நிமிடம் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தோம். மீன் மணம் அடித்தாலும் அம்மா முகம் சுளிக்கவில்லை.

வைத்தியசாலையில் யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்று, நோ உச்சத்துக்குப் போவது வீட்டுக்கு வந்த பிறகுதான் என்பது. விறைப்பு மருந்தின் கடைசித் துளியும் போய், நடமாட்டமும் கூடும் நாட்கள் அவை. இரவு ஒரு மணிக்கு "விண் விண் எண்டு குத்துது பிள்ளை" என்று அம்மா எழுப்புவார். குளிசையைக் கனக்கப் போட்டால் கிட்னி பழுதாகும் என்ற பயத்தில் அவர் பனடோலையும் விலக்கிவைத்திருந்தார். தந்த குளிசையை மணிக்கணக்குப்படி, நோ வருவதற்கு முதலே போடவேண்டும். பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முன் போட்டால் இன்னும் நல்லது. நோவைப் பொறுத்துக்கொள்பவர் காலை அசைக்கமாட்டார். அசையாத கால் இறுகும். கடுமையான நோக்குளிசைகள் மலச்சிக்கலைத் தரும். பப்பாசிப்பழமும் தண்ணீரும் அதற்கு வேண்டும்.

சாப்பாட்டில் எங்கள் மாமி ஒரு பட்டியலோடு வந்தார். இறால், நண்டு, கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி, காயம் பழுக்கும், முட்டையும் வேண்டாம். அன்பில் சொன்னதுதான். ஆனால் தசை கரைந்துகொண்டிருக்கும் நேரம் அது. முதல் மாதத்தில் தொடையின் முன்தசை தன் பலத்தில் பாதிக்கு மேல் இழக்கிறது. அதைத் திரும்பக் கட்ட மீனும் முட்டையும் பருப்பும் வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் போல மாமி ஆக்கிவந்த சரக்குக் கறியில் மீனையும் போடச் சொன்னோம், போட்டார். காயத்தைப் பழுக்கவைப்பதில் கத்தரிக்காயை விடச் சீனி வருத்தத்துக்கே பங்கு அதிகம். மூன்று மாதச் சராசரிச் சீனியைப் பார்த்து, கட்டுப்பட்ட பிறகே ஒப்பரேஷனுக்கு நாள் குறிப்பது இதனால்தான். கிருமி பிடிப்பது நூறு பேரில் ஒருவர் இருவருக்குத்தான். பிடித்தால் பொருத்தியதையே கழற்ற நேரும்.

எண்ணெய் பூசித் தேய்ப்பதும் புக்கை கட்டுவதும் இன்னொரு விடயம். முறிவு நெரிவு வைத்தியத்தில் எனக்கு மதிப்பு உண்டு. அம்மாவின் கை முறிந்தபோது அதில்தான் பொருந்தியது. ஆனால் புதுத் தையலின் மேல் எண்ணெயோ இலையோ படக்கூடாது. தையல் வெட்டும் வரை, பத்துப் பன்னிரண்டு நாள், காயம் காய்ந்திருக்கவேண்டும். வீங்கிய கெண்டைக்காலை உருவிவிடுவது அதைவிட ஆபத்து. உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் அது கிளம்பிவிடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தாலும் காயத்திலிருந்து நீர் நிற்காமல் கசிந்தாலும் அன்றைக்கே டொக்டரிடம் போகவேண்டும். மூச்சு முட்டினால் உடனே 1990க்கு அழைக்கவேண்டும்; சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. தையலின் வெளிப்பக்கம் கையளவு இடம் விறைத்துக் கிடப்பதும், முழங்கால் மாதக்கணக்காகச் சூடாக இருப்பதும் வழமையானவை. இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் இரண்டு இரவு நித்திரை கொண்டிருப்போம்.

தலையணைக்கு வருகிறேன். எல்லோரும் கேட்பது எவ்வளவு மடங்குகிறது என்றுதான். நடக்க 65 பாகை போதும். படிக்கும் கதிரைக்கும் 90 வேண்டும். குந்தியிருக்க 130க்கு மேல். மடக்கம் மாதங்களில் மெல்ல மெல்லக் கூடும். நீட்டம் அப்படிக் கூடுவதில்லை. முதல் வாரங்களில் முழங்காலின் பின்பக்கத் திசு சுருங்கி ஆறிவிட்டால் பிறகு திரும்ப எடுப்பது பெரும்பாடு. நேராகாத காலோடு நடப்பவர் ஒவ்வொரு அடிக்கும் தொடைத் தசையைப் பிழிந்தே நடக்கவேண்டும்; நாரியும் சேர்ந்து நோகும். ஆகவே தலையணை போகவேண்டிய இடம் குதிக்காலின் கீழே. துவாயைச் சுருட்டிக் குதிக்கு அடியில் வைத்து, முழங்காலை அந்தரத்தில் விட்டால் காலின் பாரமே அதை நேராக்கும். பிறகு முழங்காலின் பின்பக்கத்தால் மெத்தையை அமத்தவேண்டும். ஐந்து எண்ணி விடவேண்டும். பத்துத் தரம், ஒரு நாளைக்கு நாலைந்து முறை. அம்மா எண்ணத் தொடங்கினார். பள்ளிக்கூடத்துக் குரலில் எண்ணினார்.

கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு நெருக்கமான ஓர் ஐயா இருக்கிறார். தச்சுவேலை செய்தவர், ஆயுள் முழுதும் குந்தியிருந்து உளி பிடித்தவர். ஜம்பட்டா வீதிப் பக்கத்துச் சந்தில் வீடு. படுக்கும் அறை மேலே, ஏணி போலச் செங்குத்தான மரப்படி. கீழே குந்தும் மலசலகூடம். அவருக்கு அரச வைத்தியசாலையில் தவணை கிடைத்தபோது வீட்டைத் தயார்படுத்தத்தான் முதலில் போனோம். கட்டிலைக் கீழே விறாந்தைக்கு இறக்கினோம். குந்தும் குழிக்கு மேலே வைக்கும் கொமோட் கதிரை வாங்கினோம். தரை விரிப்பைச் சுருட்டினோம். அவரது பயம் வேறு. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் முழந்தாளிட முடியாமல் போகுமா என்று கேட்டார். காயம் நன்றாக ஆறியபின் முழந்தாளிட்டால் பொருத்திய மூட்டுக்குக் கேடில்லை. கூச்சமும் விறைப்பும்தான் தடுக்கின்றன. மெத்தையில் பழகிப் பிறகு பலகைக்கு வரலாம். குந்துவதும் சம்மணம் கொட்டுவதும் பெரும்பாலோருக்குத் திரும்புவதில்லை. தரையிலிருந்து சாப்பிட்டு, தரையில் படுத்து, குந்தியே எல்லாம் செய்யும் எங்கள் வாழ்க்கைக்கு இது பெரிய இழப்பு. முடிவெடுக்கும் முன்னமே டொக்டர் இதைச் சொல்லவேண்டும், நாங்களும் கேட்கவேண்டும்.

படிக்கு ஒரு விதி உண்டு: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோக்கால் முன்னே. ஐயாவுக்கு வாட்டில் இதைச் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்கள். சந்தைச் சிங்களம் அவருக்கு நல்லாய்த் தெரியும். "திக் கரன்ன" என்றால் நீட்டு, "நவன்ன" என்றால் மடக்கு, அதுவரை விளங்கியது. எந்தக் கால் முன்னே என்பது மட்டும் மாறிப்போனது. நல்லவேளை, வீட்டில் மகள் பார்த்துத் திருத்தினாள். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். உடற்கூற்று நூலையும் இரண வைத்திய நூலையும் தமிழில் அச்சேற்றினார். அந்த வழி இருந்த நாட்டில், தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் எழுதிய பிறகும், முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்காதீர்கள் என்ற ஒரு வரி கொழும்பில் ஒரு தமிழ்த் தாய்க்குத் தமிழில் கிடைக்கவில்லை. ஒரு பக்கத் தாள்தான். பெரிய எழுத்தில், படம் போட்டு, மூன்று மொழியிலும் அச்சிட எந்த வைத்தியசாலைக்கும் செலவு பெரிதில்லை.

அம்மாவின் கால் பதினோராம் நாள் இரண்டு விரல் இடைவெளிக்கு வந்தது. ஆறாம் கிழமை பிசியோதெரபிப் பிள்ளை ஒரு கடதாசியை நுழைத்துப் பார்த்தார், போகவில்லை. மூன்றாம் மாதம் அம்மா ராமகிருஷ்ண வீதி வரை நடந்து திரும்பினார். வாக்கர் இரண்டாம் மாடி அன்ரிக்குப் போய், அங்கிருந்து அடுத்த வருடம் ஐயாவுக்குப் போனது. அதைக் கொடுக்க அம்மாவும் ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். விறாந்தைக் கட்டிலில் ஐயா படுத்திருந்தார். சுகம் விசாரிக்க முதலே அம்மா அவரது காலடிப் போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"தலையணையை எடுங்கோ அண்ணை," என்றார். "குதிக்குக் கீழ வையுங்கோ. இப்ப அமத்துங்கோ. நான் எண்ணுறன்."